ஆல்ப்ஸ் பெறாத சாம்பியன்கள்

ஒலிம்பிக் மவுண்டன் பைக் கிராஸ்-கன்ட்ரியில் பிரான்ஸ் இதுவரை வென்ற தங்கம் ஐந்து. வென்றவர்கள் நான்கு பேர். 2000 சிட்னியில் மிகேல் மார்ட்டினெஸ், 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் ஜூலியன் அப்சலோன், 2012 லண்டனில் ஜூலி பிரெசே, 2024 பாரிஸில் பொலின் ஃபெரான்-பிரேவோ. இந்த நால்வரும் பிறந்த ஊர்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஒருவர்கூட ஆல்ப்ஸ்காரர் இல்லை. பைரனீஸ் பக்கத்து ஆளும் இல்லை.

மார்ட்டினெஸ் பிறந்த ஃபூர்ஷாம்போ, நாட்டின் நட்டநடுவே லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய இரும்பாலை ஊர். அப்சலோனின் ரெமிர்மோன், கிழக்கே வோஜ் மலைக்காடுகளின் அடிவாரத்தில் மொசெல் ஆறு ஓடும் இடம். நால்வரில் ‘மலை நாட்டுக்காரர்’ என்று சொல்லத் தக்கவர் அவர் ஒருவர்தான். அந்த வோஜின் உச்சிகூட 1,424 மீட்டர். ஆல்ப்ஸின் பள்ளத்தாக்கு ஊர்கள் சில அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பிரெசே, பிரிட்டனிக் கடலோர ஊரான சான்-பிரியெக்கில் பிறந்தவர். பிரிட்டனி முழுவதையும் சல்லடை போட்டாலும் 400 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று கிடைக்காது. ஃபெரான்-பிரேவோ பிறந்த ரெய்ம்ஸ், ஷாம்பெய்ன் திராட்சைத் தோட்டங்களின் ஊர். பக்கத்தில் ‘ரெய்ம்ஸ் மலை’ என்ற பெயரில் ஒரு காட்டு மேடு உண்டு. 300 மீட்டரைத் தொடாது.

பிரான்ஸ் மவுண்டன் பைக்கிங்கைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோர் கண்ணிலும் தெரிவது பனிச்சிகரமும் கேபிள் காரும்தான். ஆல்ப் துயேஸில் 3,300 மீட்டர் உயரத்துப் பனியிலிருந்து கூட்டமாகச் சரிந்து இறங்கும் ‘மெகாவலான்ஷ்’ காணொளியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அந்தக் காட்சியின் மீது எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் கிராஸ்-கன்ட்ரி தங்கங்கள் அங்கிருந்து வரவில்லை. அவை வந்தது, சுற்றுலாப் பயணிகள் ரயில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகும் கிராமப்புறத்திலிருந்து: ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதன் இரு கரையிலும் காடு, காட்டுக்கு மேலே மேய்ச்சல் நிலம், அப்புறம் அடுத்த பள்ளத்தாக்கு. இது தற்செயல் இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் நில அமைப்பு. ஆல்ப்ஸில் ஒரு பாதை என்றால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஒரே சீராக ஏற வேண்டும். அப்புறம் நீண்ட இறக்கம். நாட்டின் நடுப்பகுதியான மாசிஃப் சென்ட்ரலின் கதை வேறு. அங்கே மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. லோ, தார்ன், அவெரோன் போன்ற ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு கீழே ஓடுகின்றன. ஊர் மேட்டில் இருந்தால் முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் ஓர் ஓடை குறுக்கிடும், மறுபடி இறக்கம். பிரிட்டனியில் இதே கதை இன்னும் சிறிய அளவில் நடக்கிறது. சான்-பிரியெக் நகரமே கூவே, கூவேதிக் என்ற இரண்டு சிற்றாறுகள் குடைந்த ஆழமான பள்ளங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. மொத்த உயரம் குறைவு. ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் மாறி மாறி வரும். அறுபது மீட்டர் மேட்டை ஒரு நல்ல வீரர் மூன்று நிமிடத்துக்குள் ஏறி முடித்துவிடுவார். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் அவர் சேமித்து ஓட்டுவதற்கு இடமில்லை, முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும். ஏறி முடித்ததும் இளைப்பாறவும் நேரமில்லை, வேர்கள் நிறைந்த இறக்கம் காத்திருக்கும்.

ஒலிம்பிக் கிராஸ்-கன்ட்ரி கேட்பது அச்சு அசலாக இதைத்தான். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பந்தயம், நான்கு ஐந்து கிலோமீட்டர் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டான ஏற்றங்கள். ஒவ்வொன்றிலும் உடல் தன் தாங்கும் வரம்பைத் தாண்டிப் போகிறது. இறக்கத்தில் கால் ஓய்ந்தாலும் இதயத் துடிப்பு பெரிதாகத் தணிவதில்லை. கை, தோள், முதுகு எல்லாம் இறுகிப் பிடித்து வேலை செய்துகொண்டே இருக்கும். வரம்பைத் தாண்டிவிட்டு, முழுதாக மீளாத நிலையிலேயே மறுபடி தாண்டுவது: இந்தத் திறமைக்குத்தான் பதக்கம். நீண்ட மலையேற்றம் தரும் சீரான தாங்குதிறன் வேறு வகை. இரண்டும் உள்ளவர்கள் உண்டு. ஆனால் முதலாவதை ஒரு சிறுவனுக்குத் தினமும் இலவசமாகக் கற்றுத் தருவது பள்ளத்தாக்குதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒலிம்பிக் பெரிய நகரத்தில் நடப்பது. மவுண்டன் பைக் பந்தயத்துக்காக அத்தனை பேரையும் தூரத்து மலைத்தொடருக்குக் கூட்டிப் போக அமைப்பாளர்கள் விரும்புவதில்லை. பெரும்பாலும் நகரத்துக்கு அருகில் கிடைக்கும் குன்றில் பாதை போடுகிறார்கள். சிட்னியில் மேற்குப் புறநகரின் பண்ணை நிலம். பெய்ஜிங்கில் நகரை ஒட்டிய லாவோஷான் குன்று. லண்டனுக்கு எசெக்ஸின் ஹேட்லி பண்ணை; புல்வெளிச் சரிவில் பாறைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஏதென்ஸின் பர்னிதா சரிவை விலக்கிப் பார்த்தால், பிரெஞ்சுக்காரர்கள் தங்கம் வென்ற களங்கள் எல்லாமே தாழ்ந்த மேடுகள்தான். மேட்டுப் பந்தயத்தை மேட்டு ஊர்க்காரர்கள் வென்றிருக்கிறார்கள்.

பாரிஸ் 2024 இதற்கு உச்சம். களமான எலான்கூர் குன்றின் உயரம் 231 மீட்டர். தலைநகரைச் சுற்றிய இல்-த-பிரான்ஸ் பிராந்தியத்திலேயே அதுதான் உயரமான இடம். ஒரு காலத்தில் கல்குவாரி. பிறகு குப்பை கொட்டி நிரப்பிய மேடு. அதன் மேல் சரளை பரப்பி, பாறைத் திட்டும் மரப்பாலமும் வைத்து 4.4 கிலோமீட்டர் பாதை அமைத்தார்கள். ஜூலை 28-ஆம் தேதி பெண்கள் பந்தயத்தில் ஃபெரான்-பிரேவோ தொடக்கச் சுற்றுகளிலேயே பிரிந்து போனார். அதன் பிறகு யாரும் அவர் பின்சக்கரத்தைக்கூடப் பார்க்கவில்லை. 1 மணி 26 நிமிடப் பந்தயத்தில் இரண்டாவது வந்த அமெரிக்காவின் ஹேலி பேட்டன் பின்தங்கியது ஏறத்தாழ மூன்று நிமிடம். அவருக்கும் மூன்றாவது வந்த ஸ்வீடனின் யென்னி ரிஸ்வெட்ஸுக்கும் இடையே சில விநாடிகள்தான். அதாவது மற்றவர்கள் ஒரு பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் தனியாக வேறொன்று ஓட்டினார். ரியோவில் பாதியில் விலகி, டோக்கியோவில் பத்தாவதாக வந்தவர், தன் சொந்த நாட்டில் கடைசி வாய்ப்பை இப்படிப் பயன்படுத்திக்கொண்டதைப் பார்த்து நெகிழாத சைக்கிள் ரசிகர் இருக்க முடியாது.

அந்தப் பந்தயத்தை மறுபடி போட்டுப் பார்க்கும்போது, ஏற்றங்களைவிட ஏற்றம் முடியும் இடத்தில்தான் என் கண் நிற்கிறது. மேட்டின் விளிம்பை எட்டியதும் பலரும் அரை நொடி தளர்கிறார்கள். தோள் இறங்குகிறது, மிதி மெதுவாகிறது. ஃபெரான்-பிரேவோ அந்த இடத்தில்தான் இன்னும் நாலு மிதி மிதிக்கிறார். வேகம் பிடித்த பிறகே இறக்கத்துக்குள் நுழைகிறார். ஒரு மேட்டுக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி லாபம். சுற்றுக்கு இத்தனை மேடு, பந்தயத்துக்கு இத்தனை சுற்று என்று பெருக்கிக்கொள்ளுங்கள். மேடு முடிந்ததும் அடுத்த பள்ளம் வந்துவிடும் என்ற நிலத்தில் ஓட்டிப் பழகிய காலுக்கு இது சிந்தித்துச் செய்யும் காரியம் அல்ல.

மறுநாள் ஆண்கள் பந்தயம், கடைசிவரை யாருடையது என்று தெரியாமல் போனது. பிரிட்டனின் டாம் பிட்காக் முன் டயர் பஞ்சராகி, சக்கரம் மாற்றுவதற்குள் நாற்பது விநாடி அளவுக்கு இழந்து, ஒன்பதாம் இடம் வரை சரிந்தார். அங்கிருந்து ஒவ்வொருவராகக் கடந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சு வீரர் விக்டர் கொரெட்ஸ்கியை எட்டிப் பிடித்தார். கடைசிச் சுற்றில் கொரெட்ஸ்கி முன்னே. மரங்களுக்கு நடுவே ஓர் இடத்தில் பாதை ஒரு மரத்தின் இரு பக்கமும் பிரிந்து சேர்கிறது. கொரெட்ஸ்கி ஒரு பக்கம் எடுத்தார். பிட்காக் அதே கணத்தில் மறுபக்கம் பாய்ந்தார். இரண்டும் சேரும் இடத்தில் தோளோடு தோள் உரசல், கொரெட்ஸ்கியின் தாளம் தப்பியது, தங்கம் கைமாறியது. முடிவில் வித்தியாசம் ஒன்பது விநாடி. உள்ளூர்க் கூட்டம் கோபத்தில் கூச்சலிட்டது. எனக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. காட்டுப் பாதையில் இரண்டு வழி இருந்தால் இரண்டும் பாதைதான். எது வேகமானது என்று முன்கூட்டியே பார்த்து வைத்தவருக்கு அது சொந்தம். பிட்காக்கும் சிகர நாட்டுக்காரர் அல்ல, யார்க்‌ஷயரின் பள்ளத்தாக்குகளை அண்டிய லீட்ஸில் பிறந்தவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரெட்ஸ்கியோ ஓர்ப் ஆற்றங்கரையில் உள்ள பெசியே ஊரில் பிறந்தவர்.

காட்டுப் பாதை கற்றுத் தருவது என்ன? டயர் எங்கே வழுக்கும் என்று முன்னறியும் கண். நவம்பரில் மாசிஃப் சென்ட்ரலின் செவென் பகுதியில் செஸ்ட்நட் காட்டுக்குள் ஓர் இறக்கத்தை எடுத்துக்கொள்வோம். கணுக்கால் ஆழத்துக்கு இலைச்சருகு. அதற்குள் முள் போர்த்திய காய்கள். அவற்றின் அடியில் ஈரமான வேர். வேர் பாதைக்குக் குறுக்காக ஓடினால் பயமில்லை, சக்கரம் நேராக ஏறி இறங்கிவிடும். சாய்வாக ஓடும் வேர்தான் ஆளைக் கவிழ்க்கும். அதன் மேல் சக்கரம் இருக்கும் கணத்தில் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் தானாகப் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆகவே வேருக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, வேரின் மேல் பிரேக்கை விட்டுவிட வேண்டும். வேர் சருகுக்கு அடியில் இருந்தால் எப்படித் தெரியும்? மரம் எங்கே நிற்கிறது, சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து ஊகிப்பதுதான். கீழே ஆற்றை நெருங்கும்போது மண் மாறும். சுண்ணாம்புக் கல் தெரிந்தால் இன்னும் எச்சரிக்கை. காய்ந்திருந்தால் டயர் ஒட்டிக்கொள்ளும், நனைந்திருந்தால் கால் வைக்கவும் முடியாது. டியூப்லெஸ் டயரில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து ஓட்டுவது இதற்காகத்தான். டயர் நசுங்கிக் கல்லைப் பிடிக்க வேண்டும். ஆனால் ரிம் அடிபடும் அளவுக்கு நசுங்கிவிடக் கூடாது. எலான்கூரில் பதக்க இடத்தில் வந்துகொண்டிருந்த நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸே பஞ்சராகி நான்காவதாக முடித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு கல், ஒரு கணம், ஒரு பதக்கம்.

நிலம் மட்டும் சாம்பியனை உண்டாக்கிவிடாது. அதே நிலம் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் உண்டு. பிரான்ஸ் அந்த நிலத்தின் மேல் ஓர் அமைப்பைக் கட்டியிருக்கிறது. அதன் அடிப்படை, ஞாயிற்றுக்கிழமை ‘ராந்தோ’. ஊர் கிளப் ஒன்று சமூகக்கூடத்துக்கு முன் மேசை போட்டு, சில யூரோ கட்டணம் வாங்கிக்கொண்டு, 20 கிலோமீட்டர், 35 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று வழிகளைக் காட்டி அனுப்பும். நேரம் பார்ப்பதில்லை, பரிசு இல்லை. பாதி வழியில் பண்ணை முற்றம் ஒன்றில் ரொட்டி, சீஸ், பன்றித்தொடை இறைச்சி, கேக். திரும்பி வந்ததும் சைக்கிளின் சேற்றைக் கழுவ ஒரு குழாய். அப்பாவோடு வரும் பத்து வயதுப் பிள்ளையும், மறுவாரம் தேசியப் பந்தயத்துக்குப் போகும் வீரரும் ஒரே பாதையில் போகிறார்கள். நிரந்தரமாக அடையாளமிட்ட பாதைகள் தனி. ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் வரைந்த பலகை. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்ற நிறம். அவலோன் ஊரில் தொடங்கி மோர்வான் காடு, ஓவெர்ன் எரிமலைகள், ஓப்ராக் மேய்ச்சல் நிலம், செவென் எல்லாம் தாண்டி மத்தியதரைக் கடலோரம் காப் தாக்டில் முடியும் மாசிஃப் சென்ட்ரல் நெடும்பாதை மட்டுமே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்.

இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது இளையோருக்கான தேசியப் போட்டி. பிராந்திய அணிகளாக வரும் பிள்ளைகள் அதில் கிராஸ்-கன்ட்ரி மட்டும் ஓட்டிவிட்டுப் போக முடியாது. கால் தரையில் படாமல் பாறை தாண்டும் ட்ரயல், செங்குத்து இறக்கம், தொடர் ஓட்டம் எல்லாவற்றிலும் இறங்கியாக வேண்டும். புள்ளி மொத்தமாகத்தான் சேரும். பதின்மூன்று வயதில் நுரையீரல் பலம் மட்டும் உள்ள பிள்ளை அங்கே ஜெயிக்க முடியாது. கைத்திறன் முதலில், குதிரைபலம் பிறகு என்பது அந்த நாட்டுப் பயிற்சியின் வரிசை. ஃபெரான்-பிரேவோ 2025-இல் சாலைப் பந்தயத்துக்குத் திரும்பி, கற்சாலைகளின் பாரிஸ்–ரூபே பந்தயத்தையும் அதே ஆண்டு பெண்கள் டூர் டி பிரான்ஸையும் வென்றபோது, முதல் வெற்றியில் அந்தக் கைத்திறனைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

இந்த வாதத்துக்கு மறுப்பு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. அதே டூரை அவர் தன்வசமாக்கியது ஆல்ப்ஸின் மேடலேன் கணவாயில்தான். உலகக் கோப்பையில் அப்சலோனின் 33 வெற்றிகளை 2023-இல் தாண்டிய நினோ ஷுர்ட்டர், சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமத்துப் பிள்ளை. பத்து முறை உலக சாம்பியன். பிரான்ஸிலேயே டவுன்ஹில் பிரிவில் நிக்கோலா வூயோஸும் லோயிக் புரூனியும் நீஸ் பக்கத்துச் செங்குத்துச் சரிவுகளில் வளர்ந்தவர்கள். ஆகவே மலை ஒரு தடை என்று நான் சொல்லவில்லை. மலை இல்லாதது ஒரு குறை இல்லை என்கிறேன். மராத்தான் பிரிவிலும் இதைப் பார்க்கலாம். 2016-இல் உலக மராத்தான் சாம்பியன்ஷிப் நடந்த இடம் அவெரோன் மாவட்டத்தின் லெசாக்; மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன சிற்றூர். காடும் மேய்ச்சல் நிலமுமான அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுதோறும் உள்ளூர்ப் பந்தயம் நடத்திப் பழகியவர்கள், உலகப் போட்டியையும் நடத்திக் காட்டினார்கள். பட்டத்தைப் போர்ச்சுகலின் தியாகோ ஃபெரெய்ராவும் சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃபும் கொண்டு போனார்கள். அந்த நிலம் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை.

எனக்குக் கவலை தருவது பாதைகளின் கதி. பிரான்ஸ் காட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தனியாருக்குச் சொந்தம். காலங்காலமாக உரிமையாளர்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதற்குள் போய்வந்தார்கள். 2023 பிப்ரவரி 2-ஆம் தேதிச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. காட்டு விலங்குகள் நடமாட வழியில்லாமல் உயர்ந்த வேலி போடக் கூடாது, உயரம் 1.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. வேலியை இழக்கும் உரிமையாளருக்கு ஈடாக, அறிவிப்புப் பலகை வைத்த தனியார் காட்டுக்குள் நுழைந்தால் 135 யூரோ அபராதம் என்றும் சேர்த்தது. அதன் பிறகு பலகைகள் முளைத்தன. ஷார்த்ரூஸ் இயற்கைக் காப்பகத்துக்குள்ளேயே ஒரு பெரிய பகுதி மூடப்பட்டு, மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

வேட்டைப் பருவத்தின் தலைவலி வேறு. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வார இறுதிகளில் காட்டில் துப்பாக்கிகள் இருக்கும். 2018 அக்டோபரில் ஓட்-சவோய் மாவட்டத்தின் மோன்ரியோன் அருகே மவுண்டன் பைக் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வேட்டைக்காரரின் குண்டுக்குப் பலியானார். அதன் பிறகும் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரைதான் சைக்கிள்காரர்களுக்கு அதிகம் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது காடு முழுக்க வேட்டை இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது ஞாயிறாக இருந்தால், மேலே சொன்ன ராந்தோக்கள் அத்தனையும் பாதுகாப்பாகும்.

தனியார் காடு மூடினால் மிஞ்சுவது அரசுக் காடும், கம்யூன் என்ற ஊராட்சிகளுக்குச் சொந்தமான பழைய கிராமப் பாதைகளும்தான். வண்டி போன தடம், ஆட்டு மந்தை மேட்டுக்குப் போன தடம், பிரிட்டனியில் இரு பக்கமும் மண்கரை உயர்ந்து மரம் கவிந்த பள்ளப் பாதை. இவற்றை ஒரு கம்யூன் விற்க வேண்டுமானால், பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவது நின்றுபோயிருக்க வேண்டும் என்பது சட்டம். முட்புதர் மூடிப்போன பாதையை ‘யாரும் போவதில்லை’ என்று சொல்லி அடுத்த வயல்காரருக்கு விற்றுவிடலாம். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தால் அது நடக்காது. அதனால் குளிர்காலத்தில் கிளப்காரர்கள் ரம்பமும் கத்தியுமாகப் போய் முள்ளை வெட்டி, விழுந்த மரத்தை அறுத்து, அடுத்த ராந்தோவின் வழியை அந்தப் பாதை மேலேயே போடுகிறார்கள். ஒரே காலையில் இருநூறு சைக்கிள்கள் அதில் கடந்துபோகின்றன. அவற்றில் சிலவற்றின் சீட், பத்து வயதுப் பிள்ளைக்காக அடிவரை தாழ்த்தப்பட்டிருக்கும்.